பெயின்ட் அடிக்கும் முன் காந்தம் வைத்துப் பாருங்கள்

அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஏலத்தில் கொடுத்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளையார்பாளையத்து ஷெட்டில் அது மழையில் ஊறிக் கிடந்த காலத்தில் ஒருவராவது வந்து தார்ப்பாய் போர்த்தியதுண்டா? அதை ஓடவைத்தவன் நான். விற்கும் உரிமையும் எனக்குத்தான்.

இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் நம் சென்னையில் தயாரானது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். பானெட் முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். சன்னதித் தெருவில்கூட ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். எங்களுடையது அதுதான்.

இதை ஓடவைத்ததில் எனக்கு அதிகப் பணத்தைத் தின்றது பட்டி. பழைய கார் வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று ஊரே சொன்ன ஒரு பட்டறையில் டிங்கரிங்குக்கு விட்டேன். வண்டி கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் நேரே உள்ளே போகிறது. அரித்துப்போன தகட்டை வெட்டி எடுக்காமல், ஓட்டையில் ஃபைபர் துணியைத் திணித்து, மேலே விரல் கனத்துக்குப் பட்டி போட்டு இழைத்திருந்தார்கள். கேட்டதற்கு, “பழைய வண்டின்னா அப்படித்தான் சார்” என்றார்கள். சரிகையை உரசி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்த்து வாங்கும் ஊர்க்காரனிடம் சொல்கிற பதிலா இது?

ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன் மேல் உட்காரவைத்திருப்பார்கள். சேஸிஸின் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல இருக்கும் அவுட்ரிகர்தான் முதலில் துருப்பிடிக்கும். அது இற்றுப்போனால் பாடி தொங்கி, கதவு இடுக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவாக ஆகிவிடும். இந்த அடையாளம் பட்டறைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. கடைசியில் எங்கள் ஊர் டிங்கர் ஒருவர்தான் பாடியைத் தூக்கி இறக்கி, தகடு வெட்டி, பழைய அச்சுக்கே வெல்டிங் வைத்துக் கொடுத்தார். மறுபடி பெயின்ட், மறுபடி செலவு.

அதனால் பிரைமர் அடிக்கும் முன் நேரில் போங்கள். வெறும் இரும்பாக இருக்கும்போது எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எடுக்கவிடாத பட்டறையிலிருந்து வண்டியை அன்றே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். என் வண்டியை ஏலத்துக்கு முன் பார்க்க வந்தவர், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரோடு வந்தார். அவரைத் திருப்திப்படுத்தியது இரண்டாம் முறை வேலை நடந்தபோது நான் எடுத்த போட்டோக்கள்தான்.

இன்ஜின், வயரிங், சீட்டு எல்லாம் வழக்கமான வேலை, விவரமான மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்கு 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கன்னைக் கையில் வைத்திருப்பவர்கள் அதிலும் கிரீஸை அடித்துவிடுவார்கள். மரை காய்ந்து தேய்ந்து, ஓடும்போதே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும்.

புது இன்ஜின் போட்டால் நன்றாக இழுக்கும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார். நான் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அப்படியே இருந்ததால்தான் ஏலத்தில் மூன்று பேர் போட்டி போட்டார்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் பதிவு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒன்று நிற்கிறதென்றால், அடுத்த மழை தொடங்கும் முன் உள்ளே கிடக்கும் தரைவிரிப்பை உருவி வெயிலில் போட்டுவிட்டு, அடித்தகட்டை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.