பெற்றோர் கூற்றும் மருத்துவர் செவியும்

வயது வந்தோன் தன் நோயைத் தானே எடுத்துரைப்பான். குழவிக்கோ அவ்வாற்றல் இல்லை. ஆகலின் குழந்தை மருத்துவத்திலும் பயிற்சி மருத்துவத்திலும் ஈடுபடுவோர் குழந்தையைக் காண்பதோடு அதனை வளர்க்கும் குடும்பத்தையும் வினவியறிதல் வேண்டும். அவ்வினாவின் பயனையும் அதன்கண் நேரும் இடரையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தலை நிமிர்தல், தவழ்தல், தளர்நடையிடல், மழலை மிழற்றல் ஆகியன பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வருவன. செங்கீரை, சப்பாணி, வருகை எனப் பிள்ளைத்தமிழ்ப் புலவர் பருவம் வகுத்ததும் இவ்வளர்ச்சியைக் கண்டேயன்றோ? ஆயினும் வயதைக் கணக்கிடுதல்தானும் பெற்றோரை வினவாது முடிவதன்று. கருவில் ஏறத்தாழ 40 வாரம் நிறைந்து பிறத்தல் இயல்பு. 32 வாரத்தில் பிறந்த மகவுக்கு 6 மாதம் நிரம்பியிருப்பினும், குறைந்த 8 வாரத்தைக் கழித்து, ஏறக்குறைய 4 மாதக் குழந்தையாகவே அதனை மதிப்பிடல் வேண்டும். இவ்வொரு வினாவைக் கேளாது விடின், குறையில்லாத மகவும் குறையுடையதெனக் கருதப்படும். அன்றியும், புதிய இடத்தில் புதிய முகங்களின் முன் குழந்தை தான் வீட்டிற் செய்வதைச் செய்யாதொழிதலும் உண்டு. சிறுபொழுதே காணும் மருத்துவர் அறியாததை அல்லும் பகலும் உடனிருக்கும் தாய் அறிவாள்.

இதற்குச் சிறந்ததொரு சான்றுண்டு. அமெரிக்க நாட்டுப் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கான்னர் என்பார், 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளின் வரலாற்றைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என இன்று வழங்கும் நிலையை விளக்கிய கட்டுரைகளுள் அது பெரும்புகழ் வாய்ந்தது. அக்குழந்தைகளுள் முதல்வனைப் பற்றி அவன் தந்தை 33 பக்கங்களில் தட்டெழுதி மடல் விடுத்திருந்தார். மைந்தன் தனிமையில் உவத்தலும், வட்டப் பொருள்களைச் சுழற்றுவதில் வேட்கை கொள்ளுதலும், அவன்தன் நினைவாற்றலும் அதனுள் விரித்துரைக்கப்பட்டன. கான்னரின் ஆராய்ச்சிக்கு அத்தந்தையின் கூர்ந்த நோக்கு பெருந்துணையாயிற்று.

ஆயின் அக்கட்டுரையிலேயே ஒரு நிழலும் படிந்தது. அப்பெற்றோருள் உள்ளன்பு மிக்கோர் சிலரே என்று கான்னர் குறித்தார். இந்நிலை பிறவியிலேயே அமைந்ததென அவர் முடிவுரைத்தாரெனினும், 1949-ஆம் ஆண்டில் பெற்றோரின் அன்பின்மையை மேலும் அழுத்திக் கூறினார். 1967-ஆம் ஆண்டில் புரூனோ பெட்டல்ஹைம் என்பார் வெளியிட்ட நூல் அப்பழியைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. உதவி நாடி வந்த அன்னையர் குற்றவாளிகளாய் நிற்க நேர்ந்தது. ஆட்டிசமுடைய மைந்தன் ஒருவனுக்குத் தந்தையாகிய பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளநூற் புலவர், இக்கொள்கையை 1964-ஆம் ஆண்டிலேயே தம் நூலால் மறுத்திருந்தார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கான்னரே. அவர் 1969-ஆம் ஆண்டில் பெற்றோர் கூடிய பேரவையில் அவர்கள் குற்றமற்றவர்கள் என வெளிப்படக் கூறினார். 1977-ஆம் ஆண்டில் சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இந்நிலைக்கு மரபுவழிக் காரணம் உண்டெனக் காட்டினர்.

இவ்வரலாற்றினின்று நாம் கற்பது யாது? பெற்றோர் கண்டதைக் கேட்டபோது அறிவு வளர்ந்தது; பெற்றோரையே நோய்க்குக் காரணமாகக் கண்டபோது அறிவு தடைப்பட்டது. ஆதலின் வினவும் முறையிற் கருத்து வேண்டும். "ஏன் முன்னரே கொணர்ந்திலீர்?" என்னும் வினா தாயின் வாயை அடைக்கும். "நேற்றைப் பொழுது குழந்தைக்கு எவ்வாறு கழிந்தது?" என்னும் வினாவோ உணவு, உறக்கம், ஆடல், அழுகை யாவற்றையும் தானே வெளிக்கொணரும். குழந்தை செய்ய மாட்டாதவற்றோடு செய்ய வல்லனவற்றையும் கேட்டல் வேண்டும். தாய் கூறக் கூசுவதைப் பாட்டியார் கூறுதலும் உண்டாகலின், இல்லத்துப் பிறரையும் வினவுதல் நன்று. முடிவில், தாம் குறித்துக்கொண்டதைப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டி, "இதிற் பிழையுண்டோ?" என்று கேட்பாராயின், அம்மருத்துவரை நம்பி அவர்கள் மறுமுறையும் வருவர். பல திங்கள் நீளும் பயிற்சிக்கு அந்நம்பிக்கை இன்றியமையாதது. ஏனெனில் அப்பயிற்சியை நாடோறும் வீட்டில் நடத்தப்போகிறவர் அவர்களே.