பாறையை விட்டு இறங்கும் பவளம்

கேள்வி: காளான் பவளம் பாறையில் ஒட்டாமல் தனியாகக் கிடக்குமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். குஞ்சுப் பருவத்தில் சிறு காம்பின் மேல்தான் வளரும். பிறகு காம்பு கரைந்து, தட்டு கழன்று மணலில் விழும். காளானைக் கவிழ்த்தால் தெரியும் மடிப்புகள்போல, மேற்புறத்தில் வாயிலிருந்து விளிம்புவரை சுண்ணாம்புத் தகடுகள் விரிந்திருக்கும். பல இனங்களில் அந்தத் தட்டு முழுவதும் ஒரே உயிர்! மணல் மூடினால், உடலை நீரால் உப்பவைத்து, மெல்ல மெல்ல உதறிவிட்டு மேலே வந்துவிடும்.

என்னை மலைக்க வைத்தது வேறு. 2009இல் செங்கடலின் எயிலாத் கரையருகே, காளான் பவளமொன்று நிலாச் சொறிமீனை விழுங்குவதை ஆய்வாளர்கள் படம்பிடித்தார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் சில இனங்கள் பால் மாறுவதும் தெரியவந்திருக்கிறது. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 50 இனங்கள். அவற்றில் ஹீலியோஃபஞ்சியாவின் நீண்ட உணர்கொம்புகளைப் பார்த்தால் கடல்சாமந்தி என்றே நினைப்பீர்கள்.