பாமினியைக் காணோம்!

கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் கொமியூனிகேஷன் கடைகளில் பிரதேச செயலகத்துக்கான கடிதத்தையும் கோயில் திருவிழா நோட்டீஸையும் பாமினி எழுத்துருவில் அடித்துத் தருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேலைக்கு இருந்த பிள்ளை மாறும், கம்ப்யூட்டரில் புதிய யூசர் அக்கவுண்ட் திறக்கப்படும். அன்றைக்கே குழப்பமும் தொடங்கிவிடும். அதற்குக் காரணம் சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: எழுத்துரு கம்ப்யூட்டருக்கே பொதுவானது.

ஒரு காலத்தில் அப்படித்தான். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், ‘இன்ஸ்டோல்’ என்று மட்டும் அழுத்தினால் எழுத்துரு அழுத்தியவரின் அக்கவுண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிய அக்கவுண்டில் அதே கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் வரிசையாக நிற்கும். வைரஸ் என்று பயந்து கம்ப்யூட்டரையே ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள். பாமினி யுனிகோட் அல்ல. கோப்புக்குள் எப்போதுமே இருந்தவை அந்த ஆங்கில எழுத்துகள்தான், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. எழுத்துருக் கோப்பில் ரைட் கிளிக் பண்ணி, ‘இன்ஸ்டோல் ஃபோர் ஆல் யூசர்ஸ்’ கொடுத்தால் தமிழ் திரும்பிவிடும். அட்மின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். இனி அடிப்பதையாவது யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இராது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நம்பிக்கை: யூசர் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணினால் எல்லாம் வந்துவிடும்.

கடிதங்களும் படங்களும் வரும். செட்டிங்ஸ் வராது. டெஸ்க்டொப் படம், கீபோர்ட், வழக்கமான பிரிண்டர் போன்ற தெரிவுகளெல்லாம் அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் ‘என்டியூசர்.டாட்’ என்ற ஒரே கோப்பில் பதிவாகின்றன. அந்த அக்கவுண்டுக்காரர் உள்ளே இருக்கும்வரை விண்டோஸ் அதைப் பூட்டியே வைத்திருக்கும். வேறோர் அட்மின் அக்கவுண்டிலிருந்து அதை எடுத்துப் புதியவரின் ஃபோல்டரில் போட்டாலும், அதற்குள் அனுமதி எழுதப்பட்டிருப்பது பழையவருக்கே. பல வேளைகளில் விண்டோஸ் ஒரு தற்காலிக புரொஃபைலைத் திறந்து தரும். அதில் நாள் முழுக்க வேலை செய்யலாம். வெளியேறியதும் அதற்குள் சேமித்தவை போய்விடும்.

நம்பிக்கை: அழித்துவிட்டு அதே பெயரில் திறந்தால் பழைய அக்கவுண்ட் திரும்பும்.

விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, ஒவ்வோர் அக்கவுண்டுக்கும் அது கொடுக்கும் நீண்ட இலக்கத்தால். பெயர் ஒன்றானாலும் இலக்கம் புதிது. போதாததற்கு, அழிக்கும்போது ‘டிலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா’ என்று கேட்பதை வாசிக்காமல் அழுத்தினால் கடிதங்களும் சேர்ந்து போகும்.

நம்பிக்கை: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களையும் கொப்பி பண்ணலாம்.

பெரும்பாலான பிரவுசர்களில் முடியாது. அந்த அக்கவுண்டில் நுழைந்தவருக்கு மட்டுமே திறக்கும்படி விண்டோஸ் அவற்றைப் பூட்டியிருக்கிறது. பழைய அக்கவுண்டில் இருந்துகொண்டே பிரவுசரின் ‘எக்ஸ்போர்ட்’ வழியாக எடுக்க வேண்டும். அந்தக் கோப்பில் பாஸ்வேர்ட்கள் பச்சையாகத் தெரியும். புதியதில் ஏற்றியவுடன் அழித்துவிடுங்கள்.

நம்பிக்கை: ஓர் அக்கவுண்டில் உள்ளதை இன்னொன்றுக்கு மாற்ற விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது.

விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் ‘ஈஸி ட்ரான்ஸ்ஃபர்’ இருந்தது. விண்டோஸ் 10இல் அது இல்லை. பெரிய அலுவலகங்களுக்கென மைக்ரோசொஃப்ட் தரும் யுஎஸ்எம்டி என்ற கருவி, கட்டளை அடித்து ஓட்டுவது. கடைக்கு அது அதிகம்.

கையால் கொண்டுபோகக்கூடியதும் ஒன்று உண்டு. வேர்டில் நீங்கள் அமைத்த இயல்பான எழுத்துருவும் பக்க ஓரங்களும் ‘நோர்மல்.டொட்எம்’ என்ற கோப்பில் இருக்கின்றன. வேர்டை மூடிவிட்டு, ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசொஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று உள்ளே போய் அதை எடுத்துப் புதிய அக்கவுண்டின் அதே இடத்தில் வையுங்கள்.