துளை போடும் முன் எடையைப் பாருங்கள்

மண்ணுக்கடியில் மின்சாரத்தைக் கடத்தும் பாறை இருப்பதைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வேலை அல்ல. அது தாதுதானா என்று முடிவு செய்யும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில், டிம்மின்ஸ் அருகே உள்ள கிட் கிரீக் செம்பு, துத்தநாகப் படிவம் வான்வழி மின்காந்த அளவீட்டில் குறியாகத் தெரிந்தது. தரையில் சரிபார்த்த பின் 1963 நவம்பரில் முதல் துளை போட்டார்கள். ஆனால் அந்தப் பழம்பாறைப் பரப்பில் கிராஃபைட் அடுக்குகளும் வெறும் பைரைட்டும் அதே போன்ற குறியைக் காட்டும்.

தரையில் அளக்கும்போது அளவீட்டுக் கோடுகள் பாறை அடுக்குகளுக்குக் குறுக்கே ஓடட்டும். வேலி, குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். கம்பி வளையத்தில் மின்னோட்டம் செலுத்திச் சட்டென நிறுத்தினால், நிலத்துக்குள் தூண்டப்பட்ட ஓட்டம் மெல்லத் தேயும். அந்தத் தேய்வைத்தான் அளக்கிறோம். வளையத்தை எங்கே விரிப்பது என்பதில் மட்டும் அவசரம் கூடாது. தாது செங்குத்தான தகடாக நின்று, வளையத்தின் நடு அதற்கு நேர்மேலே அமைந்தால், காந்தப்புலம் தகட்டைக் குறுக்கே வெட்டாமல் அதற்கு இணையாக இறங்கிவிடும். நல்ல தாதுவும் தெரியாமல் போகும். ஆகவே வளையத்தைப் பக்கவாட்டில் தள்ளி விரியுங்கள். தொடக்க வாசிப்புகளில் மேற்பரப்புக் களிமண்ணே ஓங்கியிருக்கும். பிந்திய வாசிப்புகளைக் கொண்டே முடிவெடுங்கள்.

தேய்வு மெதுவாக இருந்தால் கீழே நல்ல கடத்தி இருக்கிறது. அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் கிராஃபைட்டிலும் ஓட்டம் அப்படித்தான் தேயும். தாதுவையும் கிராஃபைட்டையும் பிரிப்பது எடை. செறிந்த சல்ஃபைட் தாது பெரும்பாலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4 கிராமுக்கு மேல் கனக்கும். கிராஃபைட் கலந்த பாறை 3 கிராமைத் தாண்டுவது அரிது. அதனால் துளைக்கு முன் அதே கோடுகளில் ஈர்ப்பு அளவீடு செய்வதை விதியாகக் கொள்ளுங்கள். துளைதானே இறுதியில் உண்மையைச் சொல்லும் என்பார்கள். சரிதான், ஆனால் நூறு குறிகள் கிடைக்கும் இடத்தில் எதை முதலில் துளைப்பது என்பதைத் துளை சொல்லாது. மேல்மண்ணின் தடிமன் மாறினாலும் ஈர்ப்பு மாறுமே என்பது வலுவான மறுப்பு. தடிமனைத் தனியாக அளந்து கழித்தால்தான் மீதியை நம்பலாம். சிறிய அல்லது ஆழமான தாதுவை ஈர்ப்பு தவறவிடலாம் என்பதால், எடை காட்டாத குறியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள், அடித்துவிடாதீர்கள். கிராஃபைட் என்று தெரிந்த அடுக்கையும் கைவிட வேண்டாம்: சல்ஃபைட் அதே அடுக்கிலேயே படிந்திருப்பதுண்டு, ஆகவே குறியின் வலிமை திடீரென மாறும் இடத்தில் நின்று பாருங்கள். துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட் பொதுவாக மின்சாரத்தைக் கடத்தாது. உடனிருக்கும் பிரோடைட்டும் செம்புத் தாதுவுமே அதைக் காட்டிக்கொடுக்கும். தாது பாறை முழுக்கத் துகளாகச் சிதறியிருந்தால் மின்காந்த அளவீட்டுக்குச் செலவழிக்காமல், தூண்டு முனைவாக்க முறைக்கு நேராகப் போய்விடுங்கள்.