மரணப்படுக்கையருகே செவிலியரின் மனத்திடன்



மரிக்கிறவர்களைப் பராமரிக்கும் செவிலியரின் மனத்திடனை அளக்க முடியுமா? 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் லாரி பூகன், மரணத்தைச் சந்திக்கும் திறனை அறிய 30 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அது செவிலியரிடமும் பயன்படுத்தப்படுகிறது. மரிக்கிறவரோடு பேச முடிகிறதா, அவர் சொல்வதைக் கேட்க முடிகிறதா, தன் சொந்தப் பயத்தைச் சொல்ல முடிகிறதா என்று செவிலியர் தம்மையே ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுகிறார். கூட்டுத்தொகை 30 முதல் 210 வரை வரலாம்.

மதிப்பெண் குறைந்தால் அவரைக் கடிந்துகொள்ளலாகாது. அவருக்குப் பயிற்சியும் ஆறுதலும் வேண்டும் என்றே அறிய வேண்டும். கண்ணீரைக் குறைவென்று எண்ணவும் வேண்டாம். லாசருவின் மரணத்தில் ஆண்டவரும் அழுதாரே (யோவான் 11). அழுதபின்னும் படுக்கையை விட்டு விலகாத சகோதரிகளை உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.