சேந்தமங்கலத்தில் தொடங்கிய வழி

கேள்வி: கந்தகுரு கவசம் இயற்றிய சாந்தானந்த சுவாமிகளுக்கும் நம் நாமக்கல் வட்டாரத்துக்கும் என்ன தொடர்பு? (வாசகி, ராசிபுரம்)

பதில்: நெருங்கிய தொடர்பு, அம்மா. அவருடைய குரு சேந்தமங்கலம் சுயம்பிரகாச அவதூத சுவாமிகள். ஆடையையும் உடைமையையும் துறந்து வாழ்ந்த துறவி. ஊருக்கு வெளியே கரட்டின் மேல் தத்தாத்ரேயருக்குக் கோயில் எழுப்பியவர். அவருடைய சமாதியும் அங்கேதான்.

புதுக்கோட்டையில் புவனேஸ்வரி வழிபாட்டை வளர்த்த சீடர் சாந்தானந்தர், 1971-ல் சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமம் நிறுவினார். அங்கே முருகனும் பதினெட்டுக் கை அம்மனும் எதிரெதிரே நிற்பார்கள். தாயும் பிள்ளையும் முகம் பார்த்துக்கொள்ளும் அந்தச் சந்நிதிதான் எனக்கு அவருடைய பெரிய உபதேசம். துறவியின் சீடர், வீட்டுப் பெண்களும் படிக்கும்படி எளிய தமிழில் கவசம் தந்தார். 2002-ல் சித்தியடைந்தார்.

ஸ்கந்தாசிரமம் போகிறவர்கள் சேந்தமங்கலத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.