விவசாய வேலைக்கு ரெடிமிக்ஸ்: நியாய விலையில் வாங்குவது எப்படி?



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பெரியவர்கள் சொன்ன பழமொழி. கான்கிரீட் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு பொருந்தும். கொட்டி இறுகிய பிறகு அதைத் திருப்பி அள்ளி யாரும் அளக்க முடியாது.

1913-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லாரியில் ஏற்றி விற்கத் தொடங்கிய சரக்கு இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் டிரம் சுற்றிக்கொண்டு போகும் லாரியைப் பார்க்காத நாளே கிடையாது. அடுக்குமாடிக்குத்தான் என்று நினைத்தது போய், நெற்களம், மாட்டுக் கொட்டகைத் தரை, போர் செட் மேடை என்று விவசாய வேலைக்கும் ரெடிமிக்ஸ் வந்துவிட்டது. ஆனால் விவசாயி வாழ்நாளில் ஒரு தடவை, இரண்டு தடவைதான் இதை வாங்குகிறார். விற்பவரோ தினமும் விற்கிறார். இந்த வித்தியாசத்தில்தான் பணம் போகிறது.

1. முதலில் அளவு

30 அடிக்கு 40 அடி களம், 4 அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். 1200 சதுர அடியை 4 அங்குலத்தால், அதாவது மூன்றில் ஒரு அடியால் பெருக்கினால் 400 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.31 கன அடி. ஆகவே 11.33 கன மீட்டர். சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 11.9. ஆறு கன மீட்டர் லாரி இரண்டு லோடு போதும்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். அடித்தரை சரியாக மட்டம் பார்க்காமல் சராசரியாக அரை அங்குலம் பள்ளமாக இருந்தால் 50 கன அடி, அதாவது 1.4 கன மீட்டர் கூடுதலாகக் குடிக்கும். மூன்றாவது லாரி கூப்பிட வேண்டியதுதான்! எனவே நியாய விலை கம்பெனியில் ஆரம்பிப்பதில்லை. முந்தின நாள் டியூப் லெவல் பிடித்து, மண்ணை நிரவி, திமிசு போடுவதில் ஆரம்பிக்கிறது.

2. ரேட் கேட்கும் முறை

"கன மீட்டர் என்ன ரேட்டுங்க?" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் வரும். ரெடிமிக்ஸுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கணக்குக்காக, ஒருவர் 5,000 ரூபாய், வரி தனி என்கிறார். இன்னொருவர் எல்லாம் சேர்த்து 5,600 என்கிறார். முதலாமவர் ரேட் உண்மையில் 5,900. கேட்கக் குறைவாகத் தெரிந்தது 12 கன மீட்டருக்கு 3,600 ரூபாய் அதிகம்.

ஆகவே எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். எந்த கிரேடு? கன மீட்டருக்கு சிமெண்ட் எத்தனை கிலோ, அதில் சாம்பல் எத்தனை? வரி சேர்த்தா? லாரி காத்திருந்தால் தனிக் காசா? லோடு குறைந்தால் கூடுதல் வாடகையா? லாரி களத்துக்கு நேராகப் போய்க் கொட்ட முடிந்தால் பம்ப் வேண்டாம், அந்தச் செலவு மிச்சம். 20-க்கு 12 அடி மாட்டுக் கொட்டகைக்கு 2.3 கன மீட்டர்தான் ஆகும். அதற்குத் தனி லாரி கட்டுப்படி ஆகாது. பக்கத்து வீட்டு வேலையையும் சேர்த்து ஒரே நாளில் போடலாம்.

3. நாமே கலந்தால் என்ன ஆகும்?

எம்20 கிரேடுக்கு 1:1½:3 கலவை. கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட். 12 கன மீட்டருக்கு 97 மூட்டை, மணல் 1.8 யூனிட், ஜல்லி 3.6 யூனிட். உங்கள் ஊர் விலையைப் போட்டு, மிக்சர் மெஷின் வாடகை, ஆள் கூலி சேர்த்துப் பாருங்கள். ரெடிமிக்ஸ் விலை அதன் பக்கத்தில் வந்தால் வாங்கலாம். சின்ன வேலைக்கு மிக்சர் மெஷினே லாபம்.

4. லோடு சரியா?

சென்ற வருடம் என் பெரியப்பா களம் போட்டார். நகையை அடகு வைத்த பணம். மேலே சொன்ன அதே அளவு, 12 கன மீட்டருக்குக் காசு கட்டினார். இரண்டு லாரியும் கொட்டிய பிறகு 30-க்கு 4 அடி இடம் பாக்கி நின்றது. "தரை பள்ளம், இழுத்துக்கிச்சு" என்றார் டிரைவர். "லோடு கம்மி" என்றார் மேஸ்திரி. கணக்குப்படி, சராசரி கனம் 4.7 அங்குலம் இருந்தால் டிரைவர் சொன்னது சரி. 4 அங்குலம்தான் என்றால் வந்தது 10.2 கன மீட்டர்தான். ஓரத்தை அளக்கலாம், நடுவில் எவ்வளவு என்று யார் சொல்வது? எடைச் சீட்டு இல்லை. சலான் முழுக்க இங்கிலீஷ், வீட்டில் யாரும் படிக்கவில்லை. அதனால் யார் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. மிச்ச இடத்தை மூன்று நாள் கழித்துக் கையால் கலந்து போட்டார்கள். பணம் போனது போனதுதான்.

இதற்கு வழி வே பிரிட்ஜ். கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. ஆறு கன மீட்டர் என்றால் 14,400 கிலோ. வரும் வழியில் லோடோடு ஒரு எடை, கொட்டிய பிறகு அதே மேடையில் காலி எடை. கழித்து வருவது 13,200 என்றால் உங்களுக்கு வந்தது 5.5 கன மீட்டர்தான். ஆர்டர் கொடுக்கும்போதே "எடை போடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். நேர்மையான கம்பெனி மறுக்காது.

5. லாரி வந்ததும்

ஐ.எஸ். 4926 விதிப்படி, ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும். சலானில் ஏற்றிய நேரம், கிரேடு, அளவு மூன்றையும் பாருங்கள். லோடு லாரி 25 டன் வரும். ஈரமான வரப்பு, பழைய சிறு பாலம் தாங்குமா என்று முன்னாடியே பார்க்க வேண்டும். லாரி சேற்றில் மாட்டினால் காத்திருப்புக் காசும் போகும், கான்கிரீட்டும் கெடும்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி விடுங்க, இழுக்க சுலபமா இருக்கும்" என்று நம்ம ஆட்களே கேட்பார்கள். விடக்கூடாது. தண்ணீர் விகிதம் ஏற ஏற பலம் குறையும் என்று ஆப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். எம்20-க்குக் காசு கொடுத்து எம்15 வாங்கின கதை ஆகிவிடும்.

ஐ.எஸ். 456 படி 6 முதல் 15 கன மீட்டருக்கு 2 சாம்பிள், சாம்பிளுக்கு 3 கியூப். நாம் லேபில் உடைக்கிற அதே 150 மில்லி மீட்டர் கியூப்தான்.

6. பிறகு

10 அடிக்கு 10 அடி கட்டமாக ஒரு அங்குல ஆழம் ஜாயிண்ட் வெட்டினால் கண்ட இடத்தில் விரிசல் ஓடாது. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். பாத்தி கட்டுவதை விவசாயிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை!

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாக சலான் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். எஸ்டிமேட் பாடம் பரீட்சைக்கு மட்டும் அல்ல. ஊரில் யாராவது கான்கிரீட் போடுகிறார்கள் என்றால், ஒரு டேப்பும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். அரை நாள் வேலைதான். ஒரு குடும்பத்தின் பணம் மிஞ்சும்.



– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு